படகு இல்லாத ஊர்கள்

நாணல்திட்டின் பெயர் பட்டியலில் முதலிடத்துக்கு ஏறியபோது நித்தியகலா டிரெய்லரின் இடது சக்கரத்தைக் கழற்றி வைத்துக்கொண்டு பேரிங்கில் கிரீஸ் அடைத்துக்கொண்டிருந்தாள். காலை எட்டேகால் மணி. மழை விட்டுவிட்டுத் தூறிக்கொண்டிருந்தது. பட்டறை மேசைமேல் கிடந்த போன் இரண்டு முறை கத்தியது. மூன்றாவது முறை கத்தியபோது படகுக்காரர் பரசு எடுத்துப் பார்த்தார். பார்த்தவர் போனைக் கீழே வைக்கவில்லை.

"என்னண்ணே?"

"திட்டு பேரு வந்திருக்கு, கலா."

"எதுல?"

"பங்காளியில. மொத பேரே அதான்."

பங்காளி என்பது மனிதன் இல்லை. அரசாங்கம் அதற்கு வைத்த பெயர் வெள்ளப் பங்கீட்டு அமைப்பு. கரை தாங்குகிற அளவை மீறி ஆற்றில் தண்ணீர் வந்தால், கடலுக்குப் போகுமுன் எங்காவது ஓரிடத்தில் மதகைத் திறந்து கொஞ்சத்தை வெளியே தள்ளியாக வேண்டும். தள்ளாவிட்டால் கரை தானாக உடையும். உடைந்தால் டவுனே போய்விடும், அறுபதாயிரம் பேர். எந்த மதகைத் திறப்பது என்று முன்பெல்லாம் பெரிய மனிதர்கள் கூடி உட்கார்ந்து சண்டை போட்டு, கடைசியில் யாருக்குச் செல்வாக்கு இல்லையோ அவர்கள் தலையில் விட்டார்கள். அந்தக் கேவலம் வேண்டாம் என்றுதான் ஐந்து வருடத்துக்கு முன் இந்த இயந்திரத்தைக் கொண்டுவந்தார்கள். அது சாதி பார்க்காது, கட்சி பார்க்காது. எங்கே திறந்தால் குறைவான உயிர் போகுமோ அங்கே திறக்கும், அவ்வளவுதான். சொத்தைப் பிரிக்க வந்து நிற்கிற சொந்தக்காரன் மாதிரி தண்ணீரைப் பிரிக்க வந்து நின்றதால் ஜனங்கள் பங்காளி என்று சொல்லிவிட்டார்கள். செல்லமாக வைத்த பெயர் இல்லை.

மொத்தம் பதினாலு மதகு. ஒன்பதாவது மதகு நாணல்திட்டுக்கு நேர் எதிரே இருக்கிறது. ஐந்து வருடத்தில் அது ஒருமுறைகூடத் திறக்கவில்லை. பட்டியலில் அந்த ஊர் எப்போதும் கடைசி. அதனால்தான் நித்தியகலா பரசுவின் கையிலிருந்து போனைப் பிடுங்கி, கிரீஸ் விரலாலேயே தேய்த்துத் தேய்த்து மறுபடி மறுபடி பார்த்தாள்.

திட்டில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர் இருக்கிறார்கள். அதில் ஒருத்தி அவள் தங்கை அமுதவள்ளி. இன்னொருத்தி அமுதவள்ளியின் நாலு வயது மகள்.

இந்த டிரெய்லரே அவர்களுக்காகச் செய்ததுதான். போன ஐப்பசியில் ஆறு கரைவழிந்து திட்டைச் சூழ்ந்து நின்றது. மூன்றாம் நாள் அமுதவள்ளியின் புருஷனைப் பாம்பு கடித்தது. பட்டறை இருக்கிற இந்தக் கொடிமேட்டுக் குப்பத்தில் இருபது படகு இருந்தும் ஒன்றும் போக முடியவில்லை. முகத்துவாரத்தில் ஏறிவர ஆற்று வேகம் விடவில்லை. நிலத்தின் வழியே இழுத்துப் போகலாமென்றால் ஏழு கிலோமீட்டரும் உவர்ச்சேறு, வேலிக்காத்தான் முள், குறுக்கே இரண்டு வாய்க்கால். அந்த மனுஷன் ஒன்பது மணி நேரம் உயிரோடிருந்தான். ஒன்பது மணி நேரமும் அமுதவள்ளி அக்காவுக்குப் போன் செய்துகொண்டிருந்தாள். அதன்பிறகு நித்தியகலாவால் பட்டறையில் வேறு வேலை எதையும் ஒழுங்காகச் செய்ய முடியவில்லை.

ஐ.டி.ஐ. முடித்துப் பதினெட்டு வருடமாகப் படகு எஞ்சினுக்குத் தாங்கிகள் வெல்டிங் செய்கிறவள் அவள். தார் ரோட்டில் படகு இழுக்கும் டிரெய்லரை யாரும் செய்துவிடலாம். சேற்றில் போகிற டிரெய்லர் வேறு சமாசாரம். முதலில் செய்ததற்கு ஒரு பழைய காரின் அச்சைப் போட்டாள். முதல் வாய்க்காலிலேயே அச்சு முறிந்து, படகு கவிழ்ந்து, பரசு அவளோடு ஒரு வாரம் பேசவில்லை. இரண்டாவதை நாலு மாதம் யோசித்துச் செய்தாள். பக்கத்துக்கு இரண்டு சக்கரம், முன்னும் பின்னுமாக. இரண்டையும் ஒரே தண்டில் மாட்டி, தண்டின் நடுவில் தடித்த முளை. முன்சக்கரம் மேட்டில் ஏறினால் பின்சக்கரம் சீசாப் பலகை போலப் பள்ளத்தில் அழுந்தும். படகுக்குப் பாதி ஆட்டம்தான் தெரியும். அறுவடை இயந்திரத்தின் பழைய அகல டயர்களைப் போட்டு, காற்றைப் பாதி இறக்கிவிட்டாள். இழுவைக் கொக்கியைச் சுழலும்படி வைத்தாள். அப்போதுதான் டிரெய்லர் சாய்ந்தாலும் டிராக்டரையும் சேர்த்துக் கவிழ்க்காது.

பத்து நாளைக்கு முன் பரசுவின் இருபத்திரண்டடி ஃபைபர் படகை அதில் ஏற்றித் திட்டுக்கு ஓட்டிப் பார்த்தார்கள். நாற்பத்தோரு நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது. திட்டே திரண்டு வந்து டயரைத் தொட்டுப் பார்த்தது. அமுதவள்ளி டிரெய்லரைப் பார்க்கவில்லை. ஓரமாக உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்து அழுதாள். ஒரு வருடம் பிந்தி வந்த டிரெய்லர்தானே.

"எதாவது கோளாறா இருக்கும்," என்றார் பரசு. "கடைசி பேரு எப்படி மொத பேரா வரும்? தலைகீழா மாறிப் போயிருக்கும்."

அவர் சொல்லி வாய் மூடுவதற்குள் பட்டறை வாசலில் நீர்வளத்துறை ஜீப் வந்து நின்றது.

இறங்கியவள் உதவிப் பொறியாளர் ரெஹானா. முப்பது வயது இருக்கும். ஆறு மாதமாக இந்தப் பிரிவில் இருக்கிறாள். அதிகாரி என்ற மிடுக்கு இன்னும் சரியாகப் படியாததால் எல்லோரையும் அக்கா, அண்ணே என்றுதான் கூப்பிடுவாள். மழைக்கோட்டுக்குள் ஒரு டேப்லெட்டை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாள். வந்ததும் டிரெய்லரைத்தான் பார்த்தாள், ஆட்களைப் பார்க்கவில்லை.

"இதான அக்கா அது?"

"இதான் மேடம். திட்டு பேரு தப்பா வந்திருக்கு, பார்த்தீங்களா?"

"தப்பா வரலை." ரெஹானா அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். "இதாலதான் வந்திருக்கு."

நித்தியகலாவுக்கு விளங்கவில்லை.

"அது எப்படி எடை போடும்னு சொல்றேன். ஒரு ஊர்ல எத்தனை பேர், தண்ணி வந்தா எத்தனை பேர் வெளியேற முடியும், இந்த ரெண்டும்தான். திட்டுக்கு ரோடு கிடையாது, படகு கிடையாது. திறந்தா எழுபது பேருக்கு மேல செத்துப்போவாங்கன்னு வச்சிருந்தது. அதனாலதான் அஞ்சு வருஷமா அந்தப் பக்கமே திரும்பலை. போக வழி இல்லாததுதான் அக்கா அந்த ஊரைக் காப்பாத்திக்கிட்டிருந்துச்சு."

"இப்ப?"

"இப்பப் படகு போகும். நாப்பத்தோரு நிமிஷம். அதை வச்சு மறுபடி போட்டுப் பார்த்திருக்கு. ஒன்பது வருது."

"ஒன்பதுன்னா?"

"ஒன்பது பேர்."

வெளியே ஜீப்பின் வைப்பர் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. பரசுதான் முதலில் பேசினார். "நாங்க ஓட்டிப் பார்த்தது அதுக்கு எப்படித் தெரியும்? நாங்க யாருக்கும் எழுதிக் குடுக்கலையே."

"உங்க படகுல பொட்டி இருக்கில்லண்ணே. அது எரிஞ்சுக்கிட்டே போயிருக்கு."

பொட்டி என்பது கடலில் படகு எங்கே இருக்கிறது என்று விண்ணிலிருக்கும் செயற்கைக்கோளுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும் சின்னக் கருவி. ஊரெல்லாம் கரையேறியதும் அதை அணைத்துவிடும். கொடிமேட்டில் மட்டும் அணைக்க மாட்டார்கள். பன்னிரண்டு வருடத்துக்கு முன் ஒரு புயலில் பேட்டரி மிச்சம் பிடிக்கப் பொட்டியை அணைத்துவைத்திருந்த படகோடு நாலு பேர் போனார்கள். அதில் ஒருவர் பரசுவின் தம்பி. அன்றிலிருந்து கட்டுப்பாடு. படகு மணலில் கிடந்தாலும் சரி, பழுதுபார்க்கத் தூக்கிவைத்தாலும் சரி, பச்சை விளக்கு எரிந்துகொண்டிருக்க வேண்டும். ஒரு வீட்டுக்காரர் செத்தால்தான் பதினாறாம் நாள் வரை அந்த வீட்டுப் படகில் பொட்டியை அணைப்பார்கள். அணைந்த பொட்டியைப் பார்த்தால் போகிறவர்கள் செருப்பைக் கழற்றுவார்கள். டிரெய்லரில் ஏற்றிப் போகும்போது அதை அணைக்க வேண்டும் என்று கொடிமேட்டில் யாருக்கும் தோன்றியிருக்காது.

"சரி, இப்பவே போறோம்," என்றாள் நித்தியகலா. "தண்ணி விடறதுக்குள்ள எல்லாரையும் கூட்டியாந்துடறோம்."

"பன்னண்டு மணிக்குத் திறக்குது. போய்வர எண்பது நிமிஷம். ஒரு நடைக்கு எத்தனை பேர்? பன்னண்டு, பதினஞ்சு? நீங்க போடற கணக்கை அதுவும் போட்டுடுச்சு அக்கா. ரெண்டு நடை தரையில, தண்ணி வந்தப்புறம் படகுல பதினாலு நடை. எல்லாம் சரியா நடந்து ஒன்பது பேர். அந்த ஒன்பது யாருன்னு அதுக்குத் தெரியாது. வயசானவங்க, பிள்ளைங்க, அவ்வளவுதான் தெரியும்."

"திறக்காமலே இருந்தா?"

"டவுன் போயிடும்."

"வேற மதகு?"

ரெஹானா டேப்லெட்டைத் திருப்பிக் காட்டினாள். பட்டியலில் இரண்டாவதாக மேலப்படுகை இருந்தது. பன்னிரண்டு கிலோமீட்டர் மேற்கே, ஆற்றோரம், ஆயிரத்து நானூறு பேர். நடக்க முடிந்தவர்கள் திறப்பதற்குள் வெளியேறிவிடலாம், ஆனால் ஒரே ஒரு தரைப்பாலம், தண்ணீர் வந்த முதல் பத்து நிமிடத்தில் அது முழுகிவிடும். படகு இல்லை. பெயருக்கு எதிரே பதினொன்று என்று இருந்தது.

"ஒன்பதுக்கும் பதினொண்ணுக்கும் நடுவுல நிக்கிறோம்," என்றாள் ரெஹானா. "பத்து மணிக்கு முடிவாகும். அதுக்கு முன்னாடி டிரெய்லர் ஓடுற நிலையில இருக்கான்னு நேர்ல பார்த்துப் படம் போடணும். அதுக்குத்தான் வந்தேன். 'தயார்'னு ஒரு பொத்தான் இருக்கு. 'பழுது'ன்னு ஒரு பொத்தான் இருக்கு." எழுந்து மழைக்கோட்டை இழுத்து மூடிக்கொண்டாள். "கலெக்டர் ஆபீசுக்கு ஒரு போன் பேசணும். ஜீப்புல உட்கார்ந்து பேசிட்டு இருபது நிமிஷம் கழிச்சு வர்றேன். வர்றப்ப இங்க என்ன இருக்கோ அதைத்தான் படம் எடுப்பேன். இல்லாததை எடுக்க மாட்டேன். ரெண்டு நம்பரையும் உங்ககிட்டச் சொல்லிட்டேன், அதை மறந்துடாதீங்க."

அவள் போன பிறகு பட்டறையில் இருந்த இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. படித்த பெண், பாவத்தைச் சரிபாதியாகப் பிரித்துக் கொடுத்துவிட்டு ஜீப்பில் போய் உட்கார்ந்துகொண்டது. அவளையும் குற்றம் சொல்ல முடியாது. அவள் ஒன்றும் சொல்லாமலே 'தயார்' என்று அழுத்திவிட்டுப் போயிருக்கலாம்.

அந்த நேரம் பார்த்து அமுதவள்ளி கூப்பிட்டாள்.

"அக்கா, இங்க அறிவிப்பு குடுத்துட்டாங்க. எங்களுக்குத்தானாம். நீ எத்தனை மணிக்கு வருவ?"

"பயப்படாத அமுதா."

"பயமா, யாருக்கு? போன வருஷம்தான் பயம். இந்த வருஷம் எங்களுக்குப் படகு இருக்குன்னு எல்லாரும் சிரிச்சுக்கிட்டு ஆட்டைக் கட்டிக்கிட்டிருக்காங்க. மொத நடையில பாப்பாவைத் தனியா அனுப்பிடறேன். நான் கடைசியில வர்றேன். பெரியவங்க எல்லாம் போகட்டும்."

"நீ எதுக்குடி கடைசியில?"

"இது உன் வண்டி அக்கா. நான் முன்னாடி ஏறுனா நல்லாவா இருக்கும்?"

போனை வைத்ததும் நித்தியகலா பட்டறையின் பின்பக்கம் போனாள். முறிந்துபோன பழைய கார் அச்சு அங்கே துருப்பிடித்துக் கிடந்தது. ஒரு முனையைத் தூக்கிப் பார்த்தாள், தனியாகத் தூக்க முடியவில்லை.

"அண்ணே, ஒரு கை குடுங்க."

பரசு அசையவில்லை. "பதினோரு பேரு கலா."

"தெரியும்."

"நமக்கு முகம் தெரியாதுங்கிறதால அவங்க ஆளு இல்லைன்னு ஆயிடாது."

"அண்ணே, என் தங்கச்சி கடைசி நடையில வர்றேங்கறா. அந்த ஒன்பதுல அவ இருப்பா. எனக்கு நல்லாத் தெரியுது, இருப்பா." அவள் அச்சின் முனையைப் பிடித்தபடியே நிமிர்ந்தாள். "நான் அந்த ஊருக்கு நல்லது செய்யறேன்னு கிளம்பி தண்ணியைக் கூட்டிக்கிட்டுப் போய் விட்டிருக்கேன். நான் இதைச் செய்யாம இருந்திருந்தா இன்னிக்கு அவங்க பேரு கடைசியில இருந்திருக்கும். பழுதுன்னு போடறேன். போட்டுட்டு, படகை ஏத்திக்கிட்டு நேரா மேலப்படுகைக்குப் போவோம். அந்தப் பதினொண்ணு படகு இல்லாம வந்த பதினொண்ணுதானே? நாம போறது அதுக்குத் தெரியாது. எத்தனை பேரை இழுத்துப் போட முடியுமோ போடுவோம்."

பரசு தோளில் கிடந்த துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டினார். பிறகு வந்து அச்சின் மறு முனையைப் பிடித்தார்.

இடது பக்கம் ஒரு சக்கரம் ஏற்கனவே கழற்றியிருந்தது. இன்னொன்றையும் கழற்றினார்கள். டிரெய்லரை ஜாக்கியில் நிறுத்தி, முறிந்த அச்சை அடியில் கொடுத்து, துருப்பிடித்த பக்கம் தெரியாமல் கிரீஸும் சேறும் பூசினாள். முறிவு வாயை மட்டும் அரத்தால் ராவிப் பளபளவென்று விட்டாள், புதிதாக முறிந்த இரும்பு அப்படித்தான் இருக்கும். ஒரு நல்ல வேலைக்காரி பொய்வேலை செய்தால் அதுவும் நல்ல வேலையாகத்தான் இருக்கிறது.

"பொட்டி," என்றாள்.

பரசு படகில் ஏறினார். பச்சை விளக்குக்கு முன்னால் உட்கார்ந்தார். அவள் அவசரப்படுத்தவில்லை. பன்னிரண்டு வருடமாக எரிகிற விளக்கு. அவர் ஒருமுறை கைகூப்பிவிட்டு அணைத்தார். இறங்கியபோது, "வீட்டுல பார்த்தா ஒப்பாரியே வச்சிடுவா," என்றார். சிரிக்கப் பார்த்தார், வரவில்லை.

ரெஹானா வந்து மூன்று படம் எடுத்தாள். அச்சைக் குனிந்து பார்த்தாள். அது எந்த வண்டியின் அச்சு என்று தெரிந்துகொள்கிற அளவுக்கு அவளுக்கு இயந்திரம் தெரியும். ஒன்றும் கேட்காமல் பொத்தானை அழுத்தினாள். ஒன்பதரை மணிக்கு நாணல்திட்டின் பெயர் பட்டியலில் மளமளவென்று கீழே இறங்கிக் கடைசிக்குப் போனது. மேலப்படுகை மேலே வந்தது.

"மெயின் ரோட்டுல பத்து மணிக்குத் தடுப்பு இறங்கிடும்," என்றாள் ரெஹானா, யாரிடம் என்றில்லாமல். "ஆத்துப் படுகை வழியா போனா தடுப்பு கிடையாது."

சக்கரங்களை மறுபடி மாட்டி, படகை ஏற்றிக் கட்டி, டிராக்டர் கிளம்பும்போது பத்தேகால். நித்தியகலா ஓட்டினாள். பரசு பக்கத்து மட்கார்டில் உட்கார்ந்து, திரும்பித் திரும்பிப் படகைப் பார்த்துக்கொண்டு வந்தார். அமுதவள்ளி நாலு முறை கூப்பிட்டாள். பெயர் மாறியதை அவளும் பார்த்திருப்பாள். நித்தியகலா எடுக்கவில்லை. எடுத்தால் சந்தோஷமாகப் பேசுவாள், அதைக் கேட்க இப்போது தெம்பில்லை.

உவர்நிலம் வரைக்கும் நிம்மதியாகப் போனது. அப்புறம் முள்காடு. சீமைக்கருவேல் கிளைகள் படகின் வயிற்றைக் கீறிக்கொண்டு வந்தன. முதல் வாய்க்காலில் முன்சக்கரம் இறங்கி, தண்டு முளையில் சாய்ந்து, பின்சக்கரம் ஏறிக் கொடுத்தது. நாலு மாத யோசனை வீண்போகவில்லை. வேறொரு நாளாயிருந்தால் அவள் வண்டியை நிறுத்தி அதைப் பார்த்து ரசித்திருப்பாள். பதினொரு மணிக்கு இன்னும் ஐந்து கிலோமீட்டர் இருந்தது.

இரண்டாவது வாய்க்காலைத் தாண்டினால் உள்கரை. கரைமேல் ஏறித்தான் அடுத்த பக்கம் இறங்க வேண்டும். மழையில் கரைமண் சோப்பாகியிருந்தது. டிராக்டர் ஏறிவிட்டது. டிரெய்லர் பாதிச் சரிவில் பக்கவாட்டில் வழுக்க ஆரம்பித்தது. கொக்கி சுழன்றது. டிராக்டர் நேராக நிற்க, பின்னால் படகு மட்டும் மெல்ல மெல்ல ஆற்றுப் பக்கமாகச் சாய்ந்தது. ஒரு டன்னுக்கு மேல் எடை. கட்டியிருந்த பட்டை முறுகி முனகியது.

"நிறுத்தாத," என்றார் பரசு. "நிறுத்துனா போயிடும்." ஓடுகிற வண்டியிலிருந்து குதித்து, டிரெய்லரின் மேட்டுப்பக்கச் சட்டத்தைப் பிடித்துத் தொங்கினார். ஐம்பது வயது ஆள், எழுபது கிலோ, அவ்வளவுதான் அவரால் கொடுக்க முடிந்தது. நித்தியகலா முதல் கியரில், ஆக்சிலேட்டரைக் கூட்டாமல் குறைக்காமல் ஓட்டினாள். மிதித்த கால் நகராதபடி அதை இன்னொரு காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். பாதிக் காற்றில் இருந்த டயர்கள் தட்டையாகப் பரந்து மண்ணைப் பிடித்தன. சாய்ந்த படகு சாய்ந்தபடியே கரையேறியது. மேலே வந்ததும் பரசு மண்ணில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு உள்ளங்கையும் கிழிந்திருந்தன. துண்டைக் கிழித்துச் சுற்றிக்கொண்டு மறுபடி ஏறினார்.

பன்னிரண்டு மணிக்குச் சங்கு ஊதியது. இன்னும் இரண்டு கிலோமீட்டர் இருந்தது. மதகு திறந்த சத்தம் நிலத்துக்குள்ளிருந்து வருவது போல இருந்தது. நித்தியகலாவுக்கு ஒவ்வொரு நிமிடமும் ஒரு ஆள் மாதிரி தோன்றியது. வழியில் வயல்களில் தண்ணீர் ஓடிவந்து டயரைத் தொட்டது, பிறகு பாதி டயர் ஏறியது. இந்தத் தண்ணீர் வேறு எங்கோ போக வேண்டியது, நான்தான் இங்கே திருப்பிவிட்டேன் என்று அவள் மனம் சொல்லிக்கொண்டே வந்தது. அலறல் கேட்கும் என்று காதைத் தீட்டிக்கொண்டுதான் மேலப்படுகையின் முதல் தெருவுக்குள் நுழைந்தாள்.

அலறல் இல்லை. எஞ்சின் சத்தம் கேட்டது.

வைக்கோல் போர் ஒன்று பாதியாகப் பிரிந்து கிடந்தது. அதற்குள்ளிருந்து ஒரு படகு வெளியே வந்துகொண்டிருந்தது. அடியில் மாட்டுவண்டிச் சக்கரம் போட்ட டிரெய்லர். ரைஸ்மில் கதவைத் திறந்து இன்னொன்றைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பள்ளிக்கூடத்து சைக்கிள் கொட்டகையிலிருந்து இரண்டு. மொத்தம் ஏழு படகு. ஒன்றிலும் பொட்டி இல்லை, இருந்த இடத்தில் நாலு திருகாணி ஓட்டை மட்டும் இருந்தது. கிழவர்கள் குடையோடு வரிசையில் நின்றார்கள். யாரும் அவசரப்படவில்லை. எந்த வீட்டில் எத்தனை பேர், எந்தப் படகில் யார் என்று ஒரு பெண் முழங்கால் தண்ணீரில் நின்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஊராட்சி உறுப்பினர், பெயர் ஜெயக்கொடி என்று பிறகு தெரிந்தது.

அவள்தான் இவர்களைப் பார்த்துக் கையசைத்தாள். "எந்த ஊரும்மா?"

"கொடிமேடு."

"எங்களுக்கா கொண்டாந்தீங்க? இவ்வளவு தூரமா?" ஜெயக்கொடி டிரெய்லரைச் சுற்றிப் பார்த்தாள். "பட்டியல்ல இருக்கா இது?"

"காலையிலதான் பழுதாச்சு," என்றாள் நித்தியகலா.

ஜெயக்கொடி ஒரு கணம் அவளைப் பார்த்தாள். பிறகு மெல்லச் சிரித்தாள். "எங்களுது ஏழும் போன வருஷமே பழுதாயிடுச்சு."

நித்தியகலா பிடித்திருந்த ஸ்டீயரிங்கிலேயே தலையைச் சாய்த்துக்கொண்டாள். பதினோரு பேர் சாகப்போவதில்லை. ஒருத்தர்கூட இல்லை. அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன, எதையும் அடக்கவில்லை. ஜெயக்கொடி பக்கத்தில் வந்து அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மூணு வருஷம் ஒழுங்கா எழுதிக் குடுத்தோம்மா," என்றாள். "மூணு வருஷமும் தண்ணி எங்களுக்குத்தான். படகு இருக்குன்னு சொன்னதுதான் தப்புன்னு அப்புறம்தான் உரைச்சுது. போன ஐப்பசியில எல்லாத்தையும் ஒளிச்சு வச்சோம் பாரு, அது எங்க திறக்கறதுன்னு தெரியாம ரெண்டு நாள் முழிச்சுக்கிட்டு நின்னுச்சு. எந்த மதகையும் திறக்கலை. எங்களுக்குச் சொட்டுத் தண்ணி வரலை. இந்த வருஷம் மழை பேய் மழை, அதான் தப்பிக்க முடியலை."

"போன ஐப்பசியிலயா?"

"ஆமா. ஏன்?"

நித்தியகலா நிமிர்ந்தாள். "அந்த ரெண்டு நாள் திறக்காத தண்ணி எங்க போச்சு?"

"எங்க போகும், கடலுக்குத்தான்."

"நாணல்திட்டுல கரைவழிஞ்சு ஏறுச்சு. அங்கதான் கரை தாழ்வு." அவள் நிதானமாகச் சொன்னாள். ஒவ்வொரு சொல்லும் தனக்கே இப்போதுதான் தெரிகிறது போலச் சொன்னாள். "மூணாம் நாள் என் தங்கச்சி புருஷனைப் பாம்பு கடிச்சுது. தண்ணியைத் தாண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடியலை."

ஜெயக்கொடியின் கை அவள் முழங்கையிலிருந்து நழுவியது. தெரியாது என்று அவள் சொல்லவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. தண்ணீரில் தன் காலையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளைத் திட்ட வேண்டும் என்று நித்தியகலாவுக்கு நெஞ்சுவரை வந்தது. வாய்வரை வரவில்லை.

"இன்னிக்குக் காலையில பழுதுன்னு போட்டப்ப," என்றாள் ஜெயக்கொடி, "அடுத்த பேரு யாருன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும். பதினோரு பேருன்னும் தெரியும்."

அதற்கு மேல் அந்தப் பேச்சில் ஒன்றும் மிச்சமில்லை. பரசு படகை இறக்கி, கட்டுப்போட்ட கையாலேயே எஞ்சினைத் தட்டிவிட்டிருந்தார். ஒரு கிழவரைப் பிள்ளைகள் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

"எல்லாரும் உள்ளதைச் சொன்னா அது சரியாத்தானே பிரிக்கும்," என்றாள் நித்தியகலா. "இந்த ஏழையும் பட்டியல்ல போட்டுடுங்கக்கா. இன்னிக்கே போட்டுடுங்க."

ஜெயக்கொடி தலையாட்டினாள். அதில் கேலி இல்லை, நிஜமாகவே யோசித்துத்தான் ஆட்டினாள்.

"போட்டுடலாம்மா. மொதல்ல உங்களுதைப் போடுங்க. அடுத்த நிமிஷம் நாங்க போடறோம்."

இடுப்புப் பையில் போன் அதிர்ந்தது. நித்தியகலா எடுத்துப் பார்த்தாள். அமுதவள்ளி ஒரு படம் அனுப்பியிருந்தாள். நாணல்திட்டில் வெயில் லேசாக அடிக்க, பாப்பா ஈர மண்ணில் ஆட்டுக்குட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றது. கீழே, இங்க தண்ணி வரலைக்கா, என்று எழுதியிருந்தது.

ஜெயக்கொடி காத்துக்கொண்டு நின்றாள்.

நித்தியகலா போனைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடினாள். "தாத்தாவை இந்தப் படகுல ஏத்துங்க," என்று சொல்லிவிட்டு, நாற்காலியின் ஒரு காலைப் பிடிக்கத் தண்ணீருக்குள் இறங்கினாள்.